நாலே மணி நேரம்

“எத்தனை மணி நேரம் மாப்பிள்ளை?” என்று மாமியார் போனில் கேட்டபோது கண்ணாடிக்கடைக்காரர் பொய் எதுவும் சொல்லவில்லை. கையிலிருந்த டிக்கெட்டில் என்ன அச்சாகியிருந்ததோ அதை அப்படியே படித்தார்.

“அங்க காலையில பத்து மணிக்குக் கிளம்புது அத்தை. இங்க மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து இறங்குது.”

“அப்போ நாலு மணி நேரம்.”

இந்த இடத்தில் ஒரு யோக்கியமான மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? ‘இல்லை அத்தை, உங்க ஊர் கடிகாரம் வேற, எங்க ஊர் கடிகாரம் வேற. நடுவுல பத்து மணி நேரம் வித்தியாசம். பறக்கிற நேரம் பதினாலு’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்காகத்தான் கண்ணாடிக்கடைக்காரரும் வாயைத் திறந்தார். ஆனால் எதிர் நாற்காலியில், எட்டு மாத வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

“நாலு மணி நேரம்னா வரேன்” என்றார் மாமியார். “அதுக்கு மேல ஒரு நிமிஷம்னாலும் என் முட்டி தாங்காது. அதை நான் முதல்லயே சொல்லிட்டேன்.”

முதலிலேயே மட்டுமில்லை, இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரசவத்துக்கு வரச் சொல்லி மகள் அழுது பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி ஒரே பதில்தான்: நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது.

போனை வைத்ததும் மனைவி கேட்டாள். “ஏங்க, பதினாலு மணி நேரம்னு ஏன் சொல்லலை?”

“அவங்க நாலுன்னாங்க. பெரியவங்க ஒண்ணு சொல்லும்போது நாம குறுக்கே பேசலாமா?”

“விளையாடாதீங்க.”

“டிக்கெட் போட்டாச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி மெதுவா, பக்குவமா சொல்லிக்கலாம்.”

கண்ணாடிக்கடைக்காரர் கெட்டவர் இல்லை. தொழில் அவரை அப்படி ஆக்கிவிட்டது. கடைத்தெருக் கோடியில், மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அவருடைய கடையில், நாள் முழுக்க ஆட்களை உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வதுதான் வேலை. மேல் வரியிலேயே தடுமாறுகிற ஆளிடமும் “பவர் கொஞ்சம்தான் ஏறியிருக்கு” என்பார். பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி ஒரு கண்ணாடியை மூக்கில் மாட்டிவிட்டு, “போட்டிருக்கறதே தெரியாது பாருங்க” என்பார். எந்தக் கெட்ட செய்தியையும் குறைத்துச் சொல்லிப் பழகிய நாக்கு. பதினாலை நாலாக்கியது மட்டும் கொஞ்சம் கை மீறிப் போய்விட்டது.

அதற்கும் காரணம் உண்டு. மருத்துவமனையில் புது அப்பாக்களுக்கென்று ஒரு வகுப்பு நடத்தினார்கள். ஆளுக்கொரு ரப்பர் பொம்மையைக் கொடுத்துக் குளிப்பாட்டச் சொன்னார்கள். கண்ணாடிக்கடைக்காரர் குளிப்பாட்டி முடித்தபோது பொம்மையின் உடம்பு அவர் கையிலும் தலை தொட்டியிலும் இருந்தது. நர்ஸ் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மனைவியைப் பார்த்து, “உங்க அம்மா வருவாங்க இல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

அன்று ராத்திரி அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “அம்மா பக்கத்துல இருந்தாப் போதும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள். அந்தத் தொட்டியில் மிதந்த தலை கண்ணாடிக்கடைக்காரருக்கும் கனவில் வந்தது. மாமியார் வந்தே ஆக வேண்டும். அதில் அவருக்கு இரண்டாவது யோசனை இல்லை.

*

அடுத்த வாரம் மாமியாரே கூப்பிட்டார். எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கையில் ஏதோ வேலையைச் செய்துகொண்டேதான் பேசுவார். பின்னால் மாமனார் செய்தித்தாள் புரட்டுகிற சத்தமும், நடு நடுவே அவருடைய இருமலும் கேட்கும். மாமனார் அதிகம் பேசாதவர். அவர் போனில் பேசியதைவிட இருமியதுதான் அதிகம்.

“நான் யோசிச்சுப் பார்த்தேன் மாப்பிள்ளை. நாலு மணி நேர தூரத்துக்கு ரெண்டு மாசம் எதுக்கு? வெள்ளிக்கிழமை வந்து பொண்ணைப் பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை திரும்பிடறேன். குழந்தை பிறந்ததும் இன்னொரு நடை வந்தாப் போச்சு.”

கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

“அது முடியாது அத்தை.”

“ஏன் முடியாது? நாலு மணி நேரம்தானே. காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க.”

“இந்த டிக்கெட்டுக்கு ஒரு விதி இருக்கு. போனா ரெண்டு மாசமாவது தங்கிட்டுத்தான் திரும்பணும்.”

“யாரு சொன்னா?”

“விமானக் கம்பெனி.”

“என் பொண்ணு வீட்டுல நான் எத்தனை நாள் தங்கணும்னு விமானக் கம்பெனி சொல்லுமா?”

“புது விதி அத்தை. இப்பத்தான் கொண்டு வந்திருக்காங்க.”

 மாமியார், “விதின்னா என்ன பண்றது, ரெண்டு மாசம் இருந்துதானே ஆகணும்” என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார். உடனே அந்தப் பக்கம் திரும்பி, “கேட்டீங்களா? விதியாம்” என்றார்.

மாமனார் இருமினார்.

கண்ணாடிக்கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மனைவியிடம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

*

அவருடைய வெற்றி நாலு நாள்கூட நிலைக்கவில்லை. அடுத்த போனில் மாமியார் குரல் வேறு மாதிரி இருந்தது.

“மாப்பிள்ளை, ஒண்ணு கேட்கட்டுமா? மனசுல வெச்சுக்காதீங்க.”

இப்படி ஆரம்பிக்கிற எந்தப் பேச்சும் நல்லபடியாக முடிந்ததாக அவருக்கு நினைவில்லை.

“கேளுங்க அத்தை.”

“கல்யாணமாகி அங்க போய் ஆறு வருஷம் ஆச்சு. ஒரே ஒரு தடவை வந்தீங்க. நாங்க புது வீட்டுக்குக் குடி போனப்போ கூப்பிட்டேன். ‘ரொம்ப தூரம் அத்தை’ன்னீங்க. என் தங்கச்சி பையன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். ‘தூரம் அத்தை.’ போன வருஷம் உங்க மாமாவை நெஞ்சு வலின்னு தூக்கிட்டு ஓடினோமே, அப்பவும் தூரம். நாலு மணி நேரம் மாப்பிள்ளை. எங்க பக்கத்து வீட்டுக்காரர் தினம் ஆபீசுக்குப் போயிட்டு வர்றதே மூணு மணி நேரம்.”

கண்ணாடிக்கடைக்காரருக்கு இந்தக் கோணம் தோன்றவே இல்லை. மாமனாரை மருத்துவமனையில் சேர்த்திருந்த அந்த வாரம், கணவனும் மனைவியும் போனைக் கையில் பிடித்தபடியே தூங்கி எழுந்தது அவருக்கு நினைவு வந்தது. டிக்கெட் கிடைக்காமல் அலைந்ததும் நினைவு வந்தது. பதினாலு மணி நேரம் என்று இப்போது சொல்லிவிட்டால் அந்தப் பழி நீங்கிவிடும். ஆனால் மாமியார் வரமாட்டார். பழியைச் சுமப்பதா, பொம்மையைக் குளிப்பாட்டுவதா?

“அப்போ இந்த விமானம் இல்லை அத்தை” என்றார். “இது புதுசு. இந்த வருஷம்தான் விட்டிருக்காங்க. பழசைவிட வேகமாப் போகும்.”

“எவ்வளவு வேகம்?”

“நல்ல வேகம்.”

அப்போதுதான், ஆறு வருஷத்தில் நாலைந்து தடவை மட்டுமே கேட்டிருந்த அந்தக் குரல் உள்ளே நுழைந்தது.

“மாப்பிள்ளை, நான்தான் பேசறேன்.”

“சொல்லுங்க மாமா.”

“ஒண்ணுமில்லை. மேஜை மேல உலக உருண்டை ஒண்ணு கிடக்கு. சும்மா நூல் வெச்சு அளந்து பார்த்தேன். இங்கேருந்து அங்க பதிமூணாயிரம் கிலோமீட்டருக்குக் கிட்ட வருது. அதை நாலு மணி நேரத்துல கடக்கணும்னா அது விமானமா, பீரங்கிக் குண்டா?”

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

“நூல் பழசா மாமா?”

“பழசுதான்.”

“அதான். பழைய நூல் இழுத்தா நீளும்.”

மாமனார் யோசித்தார். “நூல் நீண்டா தூரத்தைக் குறைச்சில்ல காட்டணும்?”

“அது நூலைப் பொறுத்தது மாமா.”

“அப்படியா” என்றார் மாமனார். மறுபடி கொஞ்சம் யோசித்தார். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றுகிறோமே என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அன்று கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் பவர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உள்ளபடியே சொல்லிவிட்டார். அந்த ஆள் பயந்துபோய் வேறு கடைக்குப் போய்விட்டார்.

*

இனி ஒரு ஓட்டைதான் பாக்கி. விமானத்துக்குள் பதினாலு மணி நேரம் உட்காரப் போகிற மாமியாருக்கு அது நாலு மணி நேரம் இல்லை என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு குதித்து இறங்க முடியாதுதான். ஆனால் வந்து இறங்கியதும் என்ன நடக்கும் என்பதை நினைக்க அவருக்குத் தைரியம் இல்லை. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து விமானக் கம்பெனிக்குப் போன் போட்டார்.

“சொல்லுங்க ஐயா” என்றாள் ஒரு பெண். குரலில் பொறுமை வழிந்தது.

“எங்க அத்தை உங்க விமானத்துல வர்றாங்க. எவ்வளவு நேரம் பறக்கும்னு அவங்களுக்கு யாரும் சொல்லாம இருக்க முடியுமா?”

“விமானி அறிவிப்பாரே ஐயா.”

“அவர் சொல்லாம விட்டுட்டா என்ன?”

“எல்லாப் பயணிங்களுக்கும் சொல்லியாகணும் ஐயா.”

“சரி, சீட்டுக்கு முன்னாடி ஒரு திரை இருக்குமே, விமானம் எங்க போகுதுன்னு காட்டிக்கிட்டு. அதை அவங்க சீட்டுல மட்டும் அணைச்சு வைக்கலாமா?”

“பக்கத்து சீட்டுல தெரியும் ஐயா.”

“சாப்பாடு எத்தனை தடவை தருவீங்க?”

“ரெண்டு தடவை. நடுவுல சிற்றுண்டி.”

“மூணையும் ஒரே தடவையா கொடுத்துட முடியுமா?”

பொறுமை கொஞ்சம் வற்றியது. அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டு, “ஐயா, தப்பா நினைக்காதீங்க. அம்மாவுக்கு நேரம், நாள் இதுலயெல்லாம் ஏதாவது குழப்பம் உண்டா?” என்று கேட்டாள்.

கண்ணாடிக்கடைக்காரர் இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். “ஆமா ஆமா. அப்படித்தான் வெச்சுக்கங்களேன்.”

“கவலைப்படாதீங்க ஐயா. நாங்க பார்த்துக்கறோம்.”

எவ்வளவு நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டே அவர் போனை வைத்தார்.

*

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாமியாரின் அழைப்பு வந்தது. வாயில் நுரையோடு எடுத்தார்.

“எனக்கு நினைவு தப்பிடுச்சுன்னு யார் மாப்பிள்ளை சொன்னது?”

நுரையை விழுங்கிவிட்டார்.

“விமானக் கம்பெனியிலேருந்து போன். ‘அம்மா, உங்க பேர் ஞாபகம் இருக்கா? இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்ல முடியுமா?’ன்னு கேட்கறா ஒருத்தி. நான் கிழமையும் சொன்னேன், அவ கேட்காததையும் நாலு சொன்னேன். டாக்டர்கிட்ட சான்றிதழ் வாங்கிட்டு வந்தாத்தான் ஏத்துவாங்களாம். துணைக்கு ஆள் வேற போடுவாங்களாம்.”

“கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு நடந்திருக்கும் அத்தை.”

“என் பேரைப் பார்த்ததும் கம்ப்யூட்டருக்கு அப்படித் தோணிச்சா?”

“அதில்லை. வயசானவங்க தனியா வந்தா எல்லார்கிட்டயும் இப்படித்தான் கேட்பாங்க.”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. வாயிலிருந்து பிரஷை எடுத்தார்.

“வயசானவங்க” என்றார் மாமியார், ஒவ்வொரு எழுத்தாக.

பின்னால் மாமனார் இருமினார். அந்த இருமல் வழக்கமானதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது.

அன்று அரை நாள் கடையை மூடிவிட்டு, கண்ணாடிக்கடைக்காரர் கம்பெனி அலுவலகத்துக்கே நேரில் போனார். மாமியாருக்கு நினைவெல்லாம் கல்லில் செதுக்கியது மாதிரி இருக்கிறது, எதையும் மறக்காதவர், குறிப்பாக மாப்பிள்ளை செய்கிற தப்புகளை மறக்கவே மாட்டார் என்று எடுத்துச் சொல்லி, கணினியில் எழுதியிருந்ததை அழிக்க வைத்தார். அழித்த ஊழியர், கையோடு பயண விவரத்தை மாமியாருக்குப் புதிதாக அனுப்பி வைத்தார். திரும்பிப் போகிற விவரமும் அதில் இருந்தது.

மாலையில் அனுப்பியதற்கு மறுநாள் காலை பதில் வந்தது, மாமியார் குரலில்.

“மாப்பிள்ளை, வர்றப்போ நாலு மணி நேரம். திரும்பறப்போ சாயந்திரம் நாலு மணிக்குக் கிளம்பி மறுநாள் மத்தியானம் மூணு மணிக்கு இறங்குதாமே. இருபத்து மூணு மணி நேரம் வருது.”

“எதிர்க்காத்து அத்தை.”

“என்னது?”

“வர்றப்போ காத்து பின்னாலேருந்து தள்ளும். போறப்போ முன்னாலேருந்து தடுக்கும்.”

“நாலு மணி நேர வழியை இருபத்து மூணாக்கினா அது காத்தா, புயலா?”

கண்ணாடிக்கடைக்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மனைவி வந்து பக்கத்தில் நின்று, “இப்பவே சொல்லிடுங்க” என்று உதட்டை அசைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. “அம்மா வராட்டியும் பரவாயில்லை. வந்து இறங்கி, ஏமாத்திட்டோம்னு நம்ம முகத்தைப் பார்க்காம இருந்தா அதைத்தான் என்னால தாங்க முடியாது.”

அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். “அத்தை, நான் உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்.”

“இப்ப வேண்டாம் மாப்பிள்ளை.”

“இல்லை அத்தை, அந்த நாலு மணி நேரம்...”

“அதேதான். நாலு மணி நேரம். எனக்குத்தான் நினைவு நல்லா இருக்கே. பெட்டிக்குப் பூட்டு வேணுமா, பெல்ட் வேணுமா?”

“பூட்டே போதும். ஆனா நான் சொல்ல வந்தது...”

“அடுப்புல ஏதோ தீயுது” என்று போனை வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து மாமியார் கிளம்புகிற நாள் வரை கண்ணாடிக்கடைக்காரர் மூன்று தடவை உண்மை சொல்ல முயன்றார். ஒரு தடவை வாசலில் யாரோ வந்துவிட்டார்கள். இன்னொரு தடவை சிக்னல் போய்விட்டது. கடைசித் தடவை, “அத்தை, பதி...” என்று ஆரம்பித்ததும், “பத்திரமாத்தான் வருவேன், பயப்படாதீங்க” என்று மாமியாரே முடித்துவிட்டார். ஒரு மனிதன் மனந்திருந்தி உண்மை சொல்ல வந்தால் உலகம் அவனுக்கு வழி விடுவதில்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் கசப்போடு முடிவு செய்தார்.

*

விமானம் இறங்குகிற நாளில் கணவனும் மனைவியும் சீக்கிரமே போய், பயணிகள் வெளியே வருகிற கண்ணாடிக் கதவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்கள். மனைவிக்கு நாற்காலி ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லை. மாமியார் என்ன கேட்பார், தான் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். ஒத்திகையிலும் மாமியாரே ஜெயித்தார்.

“அடுத்த விமானத்துல திரும்பிப் போறேன்னு சொல்லிட்டா?” என்றார்.

“முட்டி வலியோட இன்னொரு பதினாலு மணி நேரம் உட்காரவா?” என்றாள் மனைவி. அது ஆறுதலா குத்தலா என்று அவருக்குப் புரியவில்லை.

விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. ஆட்கள் தள்ளுவண்டிகளோடு வர ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒரு பெரிய பெட்டி வந்தது, அதன் மேல் இன்னொரு பெரிய பெட்டி வந்தது, அதற்குப் பின்னால் மாமியார் வந்தார். இரண்டு நாளைக்கு வந்துவிட்டுப் போகிறேன் என்றவர் கொண்டு வருகிற மூட்டையாக அது தெரியவில்லை. துணி கசங்கி, தலை கலைந்து, செருப்புக்குள் அடங்காமல் பாதம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தன. நொண்டி நொண்டித்தான் வந்தார். ஆனால் முகத்தில் கோபம் இல்லை. காதில் போன் இருந்தது.

“இறங்கிட்டேங்க” என்று மாமியார் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். “அப்பவே இறங்கிட்டேன். சொன்ன மாதிரி நாலே மணி நேரம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான், வரிசைங்க. பாஸ்போர்ட்டுக்கு வரிசை, பெட்டிக்கு வரிசை. வரிசையிலேயே நின்னு நின்னு இப்பத்தான் வெளிய வரேன்.”

கண்ணாடிக்கடைக்காரர் தன் காதையே நம்பவில்லை. மாமனார் இருக்கும் ஊரில் இப்போது நடு ராத்திரி. பத்து மணி நேர வரிசையா?

“இதோ மாப்பிள்ளை நிக்கறார், பேசுங்க.” மாமியார் போனை அவர் கையில் திணித்துவிட்டு, மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் வாரிப் பிடித்தார். மகள் அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, விசும்பி அழுதாள். “அழாதே, அழாதே, நான்தான் வந்துட்டேனே” என்று சொல்லிக்கொண்டே மாமியாரும் அழுதார். இரண்டு பேரும் அவரை மறந்தே போனார்கள்.

அவர் போனைக் காதில் வைத்தார். “மாமா.”

“ஸ்பீக்கர்ல இல்லையே மாப்பிள்ளை?”

“இல்லை மாமா.”

“கொஞ்சம் தள்ளி வாங்க.”

இரண்டு தூண் தள்ளிப் போனார். மாமனார் தணிந்த குரலில் கேட்டார். “கால் ரொம்ப வீங்கியிருக்கா?”

“கொஞ்சம்தான் மாமா.”

“பதினாலு மணி நேரம் தொங்கப் போட்டுட்டு வந்தா வீங்காம என்ன செய்யும்? வீட்டுக்குப் போனதும் காலைத் தூக்கி வெச்சுப் படுக்கச் சொல்லுங்க.”

கண்ணாடிக்கடைக்காரர் திரும்பி மாமியாரைப் பார்த்தார். “மாமா, உங்களுக்கு அந்தப் பதினாலு...”

“எனக்கென்ன, அவளுக்கும் தெரியும். ஆறு வருஷமா தினம் ‘உங்களுக்கு விடிஞ்சுதா’ன்னு கேட்டுட்டுத்தானே அவ பொண்ணுகிட்ட பேச்சையே ஆரம்பிக்கறா? முட்டியும் இல்லை ஒண்ணும் இல்லை மாப்பிள்ளை. எனக்கு நெஞ்சு வலி வந்ததிலேருந்து என்னை விட்டுட்டுத் தூரமாப் போக அவளுக்கு மனசில்லை. நீங்க நாலுன்னதும், ‘பக்கத்துலதான் போறா’ன்னு நான் தைரியமா இருப்பேன்னு அதைப் பிடிச்சுக்கிட்டா. ஸ்பீக்கர்ல போட்டு உங்களைக் கேட்டதெல்லாம் என் காதுல விழறதுக்காக. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா கிளம்ப மாட்டா. அதனால நானும் அவ காதுபட நூல் கதையைக் கேட்டு, நீங்க சொன்னதுக்குத் தலையாட்டிட்டேன்.”

கண்ணாடிக்கடைக்காரர் தூணில் சாய்ந்துகொண்டார். அங்கே தாயும் மகளும் இப்போது சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்போ என் பொய்யை யாருமே நம்பலையா மாமா?”

“நாங்க நம்பிட்டோம்னு நீங்க ஒருத்தர் நம்பினீங்களே மாப்பிள்ளை, அது போதும்.”